ஸ்கூட்டர் பேனலை வீட்டிலேயே மாற்றுவது: லாக் உடையாமல் கழற்ற ஒரு வழிகாட்டி

போன ஐப்பசி மழையில், வேளச்சேரிப் பக்கம் ஒரு திருப்பத்தில் கிடந்த மணலில் சறுக்கி என் ஹோண்டா டியோ ஸ்கூட்டர் இடப்பக்கமாகச் சாய்ந்தது. எனக்கு முழங்கையில் சிராய்ப்பு. வண்டியில், முன்பக்கத்தை மூடும் பேனலான ‘முன் மாஸ்க்’கின் இடது ஓரம் பிளந்துவிட்டது, இடது சைடு பேனலில் ஒரு சாண் நீளத்துக்கு விரிசல். ஆக, விழுந்ததில் உடைந்தது இரண்டு. அதைக் கழற்றப் போய் நான் உடைத்தது மூன்று. இந்தக் கட்டுரையை எழுத வைத்தது அந்த மூன்றுதான்.

டியோ, ஃபாசினோ, என்டார்க் மாதிரி உடம்பு முழுக்க பிளாஸ்டிக்காக இருக்கும் வண்டிகளுக்கு இது பொருந்தும். ஸ்க்ரூ இருக்கும் இடம் வண்டிக்கு வண்டி மாறும். கழற்றும் முறை மாறாது. ஆக்டிவா மாதிரி தகர பேனல் இருக்கும் வண்டியில் நசுங்கிய இடத்தை டிங்கரிங் செய்து நிமிர்த்திவிடலாம், மாற்ற வேண்டிய அவசியமே பல நேரம் வராது. அது வேறு கதை.

1. ஸ்க்ரூ டிரைவருக்கு முன் பாலிசி

விழுந்த அன்றே பேனலைக் கழற்றிவிடாதீர்கள். இன்சூரன்ஸில் கிளெய்ம் போடுவதாக இருந்தால், வண்டி அடிபட்ட நிலையிலேயே சர்வேயர் (சேதத்தை மதிப்பிட வருபவர்) பார்க்க வேண்டும், அல்லது கம்பெனி கேட்கும் போட்டோ, வீடியோவை அந்த நிலையில் எடுத்து அனுப்ப வேண்டும். எல்லாவற்றையும் கழற்றித் தரையில் பரப்பிவிட்டு அப்புறம் போன் செய்தால் கிளெய்ம் சிக்கலாகிவிடும். விபத்தில் வேறு யாருக்காவது அடிபட்டிருந்தால் போலீஸ் வேலை, இன்சூரன்ஸ் வேலை இரண்டும் முடியும்வரை வண்டியில் கையே வைக்க வேண்டாம்.

எடுத்து வைக்க வேண்டிய காகிதங்கள்: ஆர்சி, லைசன்ஸ், பாலிசி. முதல் இரண்டும் டிஜிலாக்கரில் இருந்தால் போதும். பாலிசியில் முதலில் பார்க்க வேண்டியது ‘ஓன் டேமேஜ்’ பகுதி இன்று உயிரோடு இருக்கிறதா என்பது. 2018 செப்டம்பருக்குப் பிறகு வாங்கிய புது டூவீலர்களுக்கு 5 வருட தேர்டு பார்ட்டி கட்டாயம். அதனால் பலரும் ‘அஞ்சு வருஷ இன்சூரன்ஸ் இருக்கு’ என்று நிம்மதியாக இருப்பார்கள். ஆனால் அதில் சொந்த வண்டிச் சேதத்துக்கான பகுதி ஒரே வருடத்துக்கு மட்டும் போட்டிருக்கலாம். அது முடிந்து, புதுப்பிக்காமல் விட்டிருந்தால் உங்கள் மாஸ்க்குக்கு ஒரு பைசா வராது.

பகுதி உயிரோடு இருந்தாலும் கணக்குப் போட்டுவிட்டுக் கிளெய்ம் செய்யுங்கள். கடைக்காரர்கள் இந்தப் பேனலை ‘ஃபைபர்’ என்பார்கள். பாலிசியின் கணக்கில் ஃபைபர் கிளாஸுக்குத் தேய்மானம் 30 சதவீதம், பிளாஸ்டிக்குக்கு 50 சதவீதம். கடைக்காரர் என்ன பெயர் சொன்னாலும் நம்முடையது பிளாஸ்டிக். அதாவது பாதி விலை போய்விடும். அதற்கு மேல் டூவீலருக்குக் கட்டாயக் கழிவு 100 ரூபாய். ஜீரோ டெப் (தேய்மானம் கழிக்காத கூடுதல் கவர்) போட்டிருந்தால் மட்டும் இந்தப் பாதி கழியாது.

என் கணக்கைச் சொல்கிறேன். விழுந்ததில் போன பேனல்கள், ஸ்டிக்கர் எல்லாம் சேர்த்து 2,480 ரூபாய். பாதி 1,240; நூறு கழித்தால் 1,140. ஷெட்டில் கொடுத்துச் செய்தால் வேலைக் கூலியும் கம்பெனி தரும், ஆனால் அது ஷெட்டுக்குப் போகிற பணம், எனக்கு வருகிறதல்ல. இந்தப் பக்கம், கிளெய்ம் போட்டால் நோ கிளெய்ம் போனஸ், அதாவது கிளெய்ம் போடாத வருடங்களுக்காக ஓன் டேமேஜ் பிரீமியத்தில் கிடைக்கும் தள்ளுபடி, சுழியத்துக்கு இறங்கிவிடும். அது 20, 25, 35, 45, 50 சதவீதம் என்று வருடா வருடம் ஏறி வருவது. நான் 35இல் இருந்தேன். என் ஓன் டேமேஜ் பிரீமியம் சுமார் 800 ரூபாய். அடுத்த வருடம் 45 கிடைக்க வேண்டிய இடத்தில் ஒன்றும் இல்லை. அடுத்தது 50க்குப் பதில் 20. பிறகு 25, 35, 45 என்று மறுபடி ஏற வேண்டும். ஐந்து வருட இழப்பைக் கூட்டினால் 960 ரூபாய். ஆக, சர்வேயருக்காகக் காத்திருந்து, கையெழுத்துப் போட்டு, நான் மிச்சம் பிடித்திருக்கக்கூடியது 180 ரூபாய். கிளெய்ம் போடவில்லை. உங்கள் வண்டி புதிது, ஜீரோ டெப் இருக்கிறது, சேதமும் பெரிது என்றால் கணக்கு தலைகீழாக வரும். அப்போது பேசாமல் ஷெட்டில் விடுங்கள்.

2. உள்ளே வளைந்திருக்கிறதா என்று பாருங்கள்

பேனல் வாங்கும் முன் இதைச் செய்ய வேண்டும். நான் செய்யவில்லை, தப்பித்தேன். என் பக்கத்து வீட்டு அண்ணன் தப்பவில்லை. புது மாஸ்க் வாங்கி வந்து மாட்டினால் ஒரு பக்கத்து ஓட்டை மட்டும் விரல் அகலத்துக்குத் தள்ளி நின்றது. மாஸ்க்கில் தவறில்லை, அதைத் தாங்கும் இரும்புப் பிராக்கெட் உள்ளே மடங்கியிருந்தது.

வண்டியைச் சென்டர் ஸ்டாண்டில் நிறுத்தி, முன்னால் நான்கடி தள்ளி நின்று பாருங்கள். முன் சக்கரம் நேராக இருக்கும்போது ஹேண்டிலும் நேராக இருக்கிறதா? இரண்டு பக்கமும் முழுதாகத் திரும்புகிறதா, எங்காவது உரசுகிறதா? மட்கார்டுக்கும் டயருக்கும் இரண்டு பக்கமும் ஒரே இடைவெளியா? பிரேக் லீவர் வளைந்திருக்கிறதா? ஹேண்டில் கோணலாக இருந்தால் இந்தக் கட்டுரையை மூடிவிட்டு மெக்கானிக்கிடம் போங்கள். ஃபோர்க் விஷயத்தை வீட்டு வாசலில் வைத்துச் செய்யக் கூடாது. பிராக்கெட் மட்டும் வளைந்திருந்தால், பேனலைக் கழற்றிய பிறகு அதை நிமிர்த்திவிடலாம். ஆனால் அதற்கு நேரம் ஒதுக்க வேண்டும்.

இன்னொன்று: உடைந்தது எல்லாவற்றையும் மாற்ற வேண்டியதில்லை. வெறும் கீறல் என்றால் விடுங்கள். நடுவில் விரிசல், ஆனால் லாக் எல்லாம் முழுதாக இருக்கிறது என்றால் உள்பக்கம் ஒட்டிவிடலாம் (7ஆம் படியில் சொல்கிறேன்). லாக்கும் ஸ்க்ரூ ஓட்டையும் பிய்ந்திருந்தால்தான் மாற்ற வேண்டும்.

‘லாக்’ என்று நான் சொல்வது பேனலின் விளிம்பில், உள்பக்கம் நீட்டிக்கொண்டிருக்கும் சின்ன நாக்கு. பக்கத்துப் பேனலின் வெட்டில் போய் அது மாட்டிக்கொள்ளும். ஸ்கூட்டர் பேனலைப் பாதி ஸ்க்ரூவும் பாதி இந்த நாக்குகளும் பிடித்துக்கொண்டிருக்கின்றன. ஸ்க்ரூ வெளியே தெரியும், நாக்கு தெரியாது. நான் உடைத்த மூன்றும் நாக்குகள்தான்.

3. பார்ட் ஆர்டர் செய்வது

ஷோரூம் ஸ்பேர்ஸ் கவுண்டரில் ‘டியோ மாஸ்க் குடுங்க’ என்று கேட்டால் ஆயிரம் கேள்வி வரும். ஆர்சியைக் காட்டுங்கள், 17 எழுத்து கொண்ட சேசிஸ் நம்பரைப் போட்டு அவர்களே எந்த மாடல், எந்த வகை என்று எடுப்பார்கள். அதோடு நிறக் குறியீடு வேண்டும். சீட்டுக்கு அடியில், டிக்கிப் பக்கம் ஒட்டியிருக்கும் சின்ன ஸ்டிக்கரைத் தேடிப் போட்டோ எடுத்துக்கொண்டு போங்கள். ஹோண்டாவில் கறுப்பு, வெள்ளை, சாம்பல் வகைகளுக்கு ‘என்எச்’ என்றும் சிவப்புக்கு ‘ஆர்’ என்றும் குறியீடு தொடங்கும். ‘கறுப்பு’ என்று வாயால் சொல்லி வாங்கினால் மேட் கறுப்பு வண்டிக்குப் பளபளக்கும் கறுப்பு வந்து சேரும்.

ஹோண்டா பார்ட் நம்பரைப் படிக்கத் தெரிந்துகொண்டால் பாதி ஏமாற்றம் குறையும். முதல் ஐந்து இலக்கம் என்ன பொருள் என்பது. முன் மட்கார்டு 61100, முன் மாஸ்க் 64301 என்று தொடங்கும். நடுவில் வருவது மாடல் குறியீடு. கடைசியில் இசட்ஏ, இசட்பி என்று வரும் எழுத்துகள் நிறம். எழுத்து ஒன்று மாறினால் நிறம் மாறிவிடும். பில்லில் இருக்கும் எண்ணையும் அட்டைப்பெட்டி லேபிளில் இருக்கும் எண்ணையும் கவுண்டரிலேயே ஒப்பிடுங்கள்.

இடது, வலது என்பது வண்டியில் உட்கார்ந்து பார்க்கும்போது. முன்னால் நின்று உடைந்த பக்கத்தைப் பார்த்து ‘ரைட் சைடு’ என்று சொன்னவர்களில் நானும் ஒருவன். நல்லவேளை, கவுண்டரில் இருந்த தம்பி ‘எந்தப் பக்கம் விழுந்தீங்க சார்?’ என்று கேட்டுத் திருத்தினான். பெயிண்ட் அடித்த பார்ட்டை ஆர்டர் போட்டு வரவழைத்தால் பல இடங்களில் திருப்பி எடுக்க மாட்டார்கள், அதனால் இதில் தப்பு செய்யக் கூடாது.

ஸ்டிக்கர் பேனலோடு சேர்ந்து வருமா, தனியா என்று கேளுங்கள். எம்பளம் பெரும்பாலும் தனி. பழைய எம்பளத்தை ஹேர் டிரையரால் சூடாக்கி, தையல் நூலைப் பின்னால் விட்டு அறுத்தால் முழுதாக வந்துவிடும். டபுள் டேப் போட்டுப் புதியதில் ஒட்டலாம்.

லேபிளில் இருக்கும் எம்ஆர்பியில் வரி அடங்கிவிட்டது. அதற்கு மேல் ‘ஜிஎஸ்டி தனி’ என்று யாராவது போட்டால் கொடுக்காதீர்கள்.

ஷோரூம் வேண்டாம் என்றால் இரண்டு வழி இருக்கிறது. சென்னையில் அண்ணா சாலையை ஒட்டிய ஜெனரல் பேட்டர்ஸ் சாலையில் டூவீலர் ஸ்பேர்ஸ் கடைகள் வரிசையாக இருக்கின்றன. அங்கே டூப்ளிகேட் பேனல் ஏறக்குறைய பாதி விலைக்குக் கிடைக்கும். சிலது நன்றாகவே பொருந்தும், சிலதில் ஓட்டை இரண்டு மில்லிமீட்டர் தள்ளி இருக்கும், அந்த இரண்டு மில்லிமீட்டரில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய்விடும். உடைந்த பழைய பேனலைக் கையோடு கொண்டுபோய், ஒன்றன் மேல் ஒன்றாக வைத்து, லாக்குகளை எண்ணிப் பார்த்து வாங்கினால் தப்பிக்கலாம்.

இன்னொரு வழி புதுப்பேட்டை. கழித்த வண்டிகளில் இருந்து எடுத்த ஒரிஜினல் பேனல் கிடைக்கும். ஐந்து வருடம் வெயிலில் நின்ற உங்கள் வண்டியின் நிறத்துக்குப் புதுப் பேனலைவிட அதேபோல வெளுத்த பழைய பேனல் நன்றாகச் சேரும். புதியதைச் சிவப்பு வண்டியில் மாட்டிப் பாருங்கள், தூரத்தில் இருந்தே ஒட்டுப்போட்டது தெரியும். ஆனால் அங்கே வாங்கும்போது பேனலைத் திருப்பி உள்பக்கம்தான் பார்க்க வேண்டும். பளபளப்பில் மயங்கி வாங்கினால் லாக் இல்லாத பேனலோடு வீட்டுக்கு வருவீர்கள். சின்னதாக இருந்தாலும் பில் கேட்டு வாங்குங்கள்.

வேறு நிறத்தில் முழு செட் மாட்டினால் என்ன என்று தோன்றும். ஆர்சியில் வண்டியின் நிறம் பதிவாகி இருக்கிறது. அதை மாற்றுவதற்கு ஆர்டிஓ அலுவலகத்தில் முறைப்படி செய்ய வேண்டும். ஒரு மாஸ்க்குக்காக அந்த வேலை வேண்டாம்.

நேரம்: கறுப்புப் பாகங்கள் கையிருப்பில் இருக்கும். பெயிண்ட் அடித்தவை பெரும்பாலும் ஆர்டர்தான். எனக்கு மூன்று நாள் என்றார்கள், ஒன்பதாம் நாள் வந்தது. பார்ட் கைக்கு வரும்வரை வண்டியைக் கழற்றாதீர்கள். இது எழுதத் தேவையில்லாத விஷயம்போல் இருக்கும், ஆனால் நான் கழற்றிவிட்டு ஒரு வாரம் பஸ்ஸில் போனேன்.

4. கருவிகள்

அதிகம் வேண்டாம். 8, 10, 12 அளவு டி ஸ்பேனர்கள். ஸ்கூட்டர் பேனலில் வரும் போல்ட்களில் பெரும்பாலானவை 10. நல்ல ஸ்டார் ஸ்க்ரூ டிரைவர் ஒன்று, 2ஆம் நம்பர், நீளமானது, நுனியில் காந்தம் உள்ளது. நடைபாதையில் விற்கும் முப்பது ரூபாய் ஸ்டார் வேண்டாம், அது ஸ்க்ரூவின் தலையைத்தான் முதலில் தின்னும். துணி சுற்றிய பழைய பிளாஸ்டிக் ஸ்கேல் ஒன்று, நெம்புவதற்கு. டபிள்யூடி-40 அல்லது அதுமாதிரி ஒரு துரு நீக்கி. ஒரு பழைய போர்வை.

கூடவே கிளிப்புகளும் ஸ்க்ரூக்களும் ஒரு டஜன் முன்கூட்டியே வாங்கி வையுங்கள். தள்ளிப் பூட்டும் பிளாஸ்டிக் கிளிப், விளிம்பில் செருகும் தகர ‘யு’ கிளிப், தட்டையான தலை ஸ்க்ரூ. பழையதை எடுத்துக் காட்டினால் ஸ்பேர்ஸ் கடையில் கொடுப்பார்கள். சில ரூபாய் சமாச்சாரம். ஞாயிற்றுக்கிழமை மதியம் ஒரு கிளிப் தெறித்துச் சாக்கடையில் விழும்போது இதன் அருமை தெரியும்.

5. முதல் நாள் மாலை

வண்டியைக் கழுவிக் காய வையுங்கள். ஸ்க்ரூ தலைக்குள் மண் இருந்தால் டிரைவர் முழுதாக உட்காராது. மட்கார்டுக்கு உள்ளே, ஃபுட்போர்டுக்கு அடியில் இருக்கும் ஸ்க்ரூக்களில் துரு இருக்கும். இரவே டபிள்யூடி-40 அடித்து விடுங்கள்.

இருட்டியதும் வண்டியைச் சுவருக்கு நேராக ஐந்து மீட்டர் தள்ளி நிறுத்தி ஹெட்லைட்டைப் போட்டு, வெளிச்சத்தின் மேல் விளிம்பு எங்கே விழுகிறது என்று சாக்பீஸால் கோடு போடுங்கள். டியோவில் ஹெட்லைட் முன் மாஸ்க்கில்தான் இருக்கிறது. மாஸ்க்கை மாற்றினால் வெளிச்சம் இறங்கும், அல்லது எதிரில் வருபவர் கண்ணுக்குப் போகும். இந்தக் கோடு இருந்தால் பழைய இடத்துக்குக் கொண்டுவருவது இரண்டு நிமிட வேலை.

நம்பர் பிளேட்டையும் இப்போதே பாருங்கள். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் உயர் பாதுகாப்பு நம்பர் பிளேட் இருக்கும். பின் பிளேட்டில் திரும்பக் கழற்ற முடியாத லாக் இருக்கும். அதை எடுத்தால் உடைந்துதான் வரும், மறுபடி மாட்ட முடியாது. முன் பிளேட் உங்கள் வண்டியில் எதன் மேல் இருக்கிறது, எப்படிப் பூட்டியிருக்கிறது என்று பாருங்கள். மாற்றப்போகும் பேனலிலேயே கழற்ற முடியாத மாதிரி பூட்டியிருந்தால், பேனல் வாங்கும்போதே டீலரிடம் அதற்கு வழி கேட்டுக்கொள்ளுங்கள். துளை போட்டுச் சாதா போல்ட் முடுக்கினால் டிராஃபிக் போலீஸிடம் கதை சொல்ல வேண்டி வரும்.

6. கழற்றுதல்

காலை ஒன்பது மணிக்கு மேல் தொடங்குங்கள். அதற்கு முன் வண்டியைக் கால் மணி நேரம் வெயிலில் நிறுத்துங்கள். சூடான பிளாஸ்டிக் வளையும், குளிர்ந்தது முறியும். என் மூன்று லாக்கும் போனது மழை நாள் காலை ஏழு மணிக்கு. ரொம்ப வெயிலிலும் வேண்டாம், சைலன்சரும் இன்ஜினும் ஆறியிருக்க வேண்டும்.

சாவியை எடுத்துவிடுங்கள். விளக்கு வயர்களைத் தொடப்போகிறோம் என்பதால் பேட்டரியின் நெகட்டிவ் முனையைக் கழற்றி ஒதுக்குங்கள். மாட்டும்போது அதுதான் கடைசி.

பார்ட் வந்த அட்டைப்பெட்டியைப் பிரித்து, அதன் மேல் வண்டியின் படத்தைக் குத்துமதிப்பாக வரையுங்கள். எந்த ஸ்க்ரூவைக் கழற்றுகிறீர்களோ அதை அந்த இடத்திலேயே அட்டையில் குத்தி வையுங்கள். ஒரே கிண்ணத்தில் போட்டால் நீள ஸ்க்ரூவும் குட்டை ஸ்க்ரூவும் கலந்துவிடும். குட்டை போக வேண்டிய இடத்தில் நீளத்தை முடுக்கினால் அது பேனலைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் எட்டிப் பார்க்கும். ஒவ்வொரு கட்டத்திலும் போனில் ஒரு படம் எடுங்கள், வயர் போகும் பாதை தெரிகிற மாதிரி.

வரிசை முக்கியம். சைடு பேனலை எடுக்க வேண்டும் என்றால் முதலில் சீட்டோடு டிக்கி, பிறகு பின்னால் இருக்கும் கைப்பிடிக் கம்பி, பிறகு சீட்டுக்குக் கீழே முன்பக்கம் இருக்கும் நடு கவர், அப்புறம்தான் சைடு பேனல். டிக்கியின் உள்ளே தரையில் இருக்கும் போல்ட்களை எடுத்தால் சீட்டும் டிக்கியும் சேர்ந்தே வெளியே வரும். பெட்ரோல் மூடி இருக்கும் இடத்தில் வேலை செய்யும்போது மூடியைக் கழற்றி வைக்காதீர்கள், ஸ்க்ரூ உள்ளே விழுந்தால் அந்த நாள் அதோடு முடிந்தது.

முன் மாஸ்க் என்றால் பெரும்பாலான ஸ்க்ரூக்கள் உங்கள் முழங்கால் பார்க்கும் பக்கத்தில், அதாவது உள் கவரில் இருக்கும். இன்னும் சில மட்கார்டு வளைவுக்குள், கீழே இருந்து போட்டிருப்பார்கள். குனிந்து, டார்ச் அடித்துப் பாருங்கள்.

ஸ்க்ரூவைத் திருப்பும்போது பலத்தில் பெரும்பங்கு அழுத்துவதற்கு, மிச்சம்தான் திருப்புவதற்கு. வழுக்குகிறது என்று தெரிந்தால் உடனே நிறுத்துங்கள். டிரைவரைத் தலையில் வைத்துச் சுத்தியலால் லேசாக இரண்டு தட்டு தட்டிவிட்டுத் திருப்பினால் பல நேரம் விட்டுக்கொடுத்துவிடும். தலைக்கும் டிரைவருக்கும் நடுவில் ஒரு தட்டை ரப்பர் பேண்டு வைத்து அழுத்தித் திருப்புவதும் பலிக்கும். தள்ளிப் பூட்டும் கிளிப்பில் நடுவில் இருக்கும் சின்ன குண்டை முதலில் உள்ளே அழுத்தினால் அல்லது வெளியே இழுத்தால் (கிளிப்பைப் பொறுத்து) முழு கிளிப்பும் தளர்ந்து வரும். அதைக் கட்டிங் பிளேயரால் பிடுங்க வேண்டாம்.

இப்போது, லாக். எல்லா ஸ்க்ரூவும் எடுத்தாகிவிட்டது, பேனல் ஆடுகிறது, ஆனால் வரவில்லை. இந்த இடத்தில்தான் எல்லாரும் இழுப்பார்கள். இழுக்காதீர்கள். முதலில், ஏதாவது ஒரு ஸ்க்ரூ மிச்சம் இருக்கிறது என்று வைத்துக்கொண்டு மறுபடி தேடுங்கள். பத்தில் எட்டு முறை இருக்கும். ஃபுட்மேட்டுக்கு அடியில், அலங்கார மூடிக்குப் பின்னால், இரண்டு பேனல் சேரும் கீழ் முனையில். உண்மையாகவே இல்லை என்றால், விளிம்பில் விரல் வைத்து இணைப்பு முழுக்கத் தடவிப் பாருங்கள். எந்த இடத்தில் இடைவெளி விரியவே மாட்டேன் என்கிறதோ அங்கே லாக் இருக்கிறது. அந்த லாக் எந்தத் திசையில் நுழைந்திருக்கும்? வாங்கி வைத்திருக்கும் புதுப் பேனலைத் திருப்பிப் பாருங்கள், அதிலேயே தெரியும். நாக்கு பின்னால் பார்த்திருந்தால் பேனலை முன்னால் நகர்த்த வேண்டும், கீழே பார்த்திருந்தால் மேலே தூக்க வேண்டும். வெளிப்பக்கம் இழுத்தால் முறியும். இது எனக்கு முதல் நாளே தெரிந்திருந்தால் இந்தக் கட்டுரைக்கு அவசியமே இருந்திருக்காது.

என் இரண்டு லாக் உள் கவரில் போனது, ஒன்று ஃபுட்போர்டுக்குப் பக்கத்தில் இருக்கும் கறுப்பு கவரில். உடைந்த பேனலோடு மாட்டியிருந்த நல்ல பேனல்கள் அவை. உடைந்ததைத்தான் தூக்கிப் போடப் போகிறோம், அதனால் ஏதாவது ஒன்று முறிந்தே ஆக வேண்டும் என்றால் உடைந்த பேனலின் பக்கம் முறியட்டும். தேவைப்பட்டால் அதை ஆக்சா பிளேடால் அறுத்தே எடுங்கள். பக்கத்துப் பேனலைக் காப்பாற்றுவதுதான் வேலை.

பேனல் கையில் வரும் அந்த நொடியில் உதறி எடுத்துவிடாதீர்கள், பின்னால் வயர் தொங்கும். கப்ளரின் (வயர்களை இணைக்கும் பிளக்கின்) பூட்டை அழுத்திப் பிடித்துக் கப்ளரை இழுங்கள், வயரை இழுக்காதீர்கள்.

முதல்முறை செய்பவருக்கு ஒரு சைடு பேனலும் மாஸ்க்கும் கழற்ற இரண்டரை மணி நேரம் ஆகும்.

7. லாக் உடைந்துவிட்டால்

பேனலின் உள்பக்கத்தில் என்ன பிளாஸ்டிக் என்று அச்சிட்டிருக்கும். ஏபிஎஸ் என்று இருந்தால் (பிரேக்கில் வரும் ஏபிஎஸ் வேறு) பிழைத்தீர்கள். உடைந்து போன பழைய ஏபிஎஸ் பேனலில் பெயிண்ட் இல்லாத இடமாகப் பார்த்துச் சின்னச் சின்னத் துண்டாக நறுக்கி, கண்ணாடிப் பாட்டிலில் அசிட்டோன் ஊற்றி ஒரு இரவு ஊற விடுங்கள். தேன் பதத்துக்குக் கரைந்துவிடும். உடைந்த இடத்தை உப்புத்தாளால் தேய்த்து, இந்தக் குழம்பைத் தடவி, துண்டைப் பொருத்தி, ஒரு நாள் முழுக்க விட்டுவிடுங்கள். அது ஒட்டுவதில்லை, உருகி ஒன்றாகிவிடும். விரிசலுக்கும் இதுதான் மருந்து, உள்பக்கம் மட்டும். பெயிண்ட் மேல் ஒரு சொட்டு பட்டாலும் பெயிண்ட் போய்விடும். அசிட்டோன் சட்டென்று தீப்பிடிக்கும். மொட்டை மாடியில், அடுப்பு, சிகரெட் இல்லாத இடத்தில் செய்யுங்கள்.

பாலிபுரோப்பிலின் என்று இருந்தால், அதாவது இரண்டு ‘பி’ எழுத்து இருந்தால், இந்தக் குழம்பும் ஒட்டாது, ஃபெவிக்விக்கும் ஒட்டாது. சொரசொரப்பான கறுப்பு கவர்கள் பெரும்பாலும் இந்த ஜாதிதான். நான் ஃபெவிக்விக் போட்டு ஒட்டினேன், ஒரு வாரத்தில் வேகத்தடை ஒன்றில் விட்டுப்போனது. அப்புறம் கொசுவலைக் கம்பித் துண்டை உள்பக்கம் வைத்து, சால்டரிங் அயர்னால் அழுத்திப் பிளாஸ்டிக்குக்குள் உருக்கிப் பதித்தேன். பார்க்க அசிங்கம், ஆனால் உள்பக்கம் யார் பார்க்கிறார்கள்? இன்றுவரை நிற்கிறது. புகையை முகர வேண்டாம்.

8. மாட்டுதல்

கழற்றியதற்கு நேர்மாறான வரிசை. அட்டையும் போட்டோவும் இருந்தால் இது சுலபம், ஒன்றரை மணி நேரம் போதும். ஆனால் சில இடங்களில் அவசரப்படக் கூடாது.

பழைய பேனலில் இருந்து எடுக்க வேண்டியவற்றை முதலில் எடுங்கள்: யு கிளிப், ரப்பர் புஷ், விளக்கு, பிராக்கெட். புதுப் பேனலில் இவை வராது. பாதி மாட்டிய பிறகு நினைவுக்கு வந்தால் திரும்பக் கழற்ற வேண்டும், ஒவ்வொரு முறை கழற்றும்போதும் லாக்குக்கு ஆயுள் குறைகிறது. ரப்பர் புஷ்ஷில் நுழைய மறுத்தால் சோப்புத் தண்ணீர் தடவுங்கள். எண்ணெய், பெட்ரோல் வேண்டாம், ரப்பர் ஊதிவிடும்.

லாக் எல்லாம் உட்கார்ந்த பிறகுதான் ஸ்க்ரூ. ஒவ்வொரு லாக்கும் உட்காரும்போது ‘டிக்’ என்று கேட்கும். எல்லா ஸ்க்ரூவையும் பாதி வரை மட்டும் போட்டுவிட்டு, இடைவெளிகளைப் பார்த்துச் சரிசெய்து, அப்புறம் முடுக்குங்கள். ஒன்றை முழுதாக முடுக்கிவிட்டு அடுத்ததுக்குப் போனால் கடைசி ஓட்டை சேராது. பிளாஸ்டிக்கில் நேரடியாக ஏறும் ஸ்க்ரூ என்றால், முதலில் இடப்பக்கமாக, அதாவது கழற்றுகிற திசையில் மெதுவாகச் சுற்றுங்கள். ஒரு இடத்தில் ‘டக்’ என்று இறங்கும், பழைய மரை அதுதான். அங்கிருந்து வலப்பக்கம் முடுக்கினால் புது மரை வெட்டாது. கையில் இறுக்கம் தெரிந்தவுடன் நிறுத்துங்கள். இன்னும் கால் சுற்று என்ற ஆசையில்தான் ஓட்டை பிளக்கும்.

பேனலை மூடுவதற்கு முன், பேட்டரியை ஒரு நிமிடம் இணைத்து எல்லா விளக்கையும், இண்டிகேட்டரையும், ஹாரனையும் பாருங்கள். மூடிய பிறகு, சென்டர் ஸ்டாண்டில் வண்டியை ஸ்டார்ட் செய்து ஹேண்டிலை இரண்டு பக்கமும் முழுக்கத் திருப்பிப் பாருங்கள். ஆக்சிலரேட்டர் கேபிளோ வயரோ எங்காவது இழுபட்டால் திருப்பும்போது இன்ஜின் சத்தம் மாறும். அப்படி மாறினால் வண்டியை எடுக்காதீர்கள், திறந்து கேபிள் போகும் பாதையைச் சரிசெய்யுங்கள். மாலையில் சாக்பீஸ் கோட்டுக்கு ஹெட்லைட்டைச் சரிசெய்து கொள்ளுங்கள்.

9. என் பில்

முன் மாஸ்க் 1,180. இடது சைடு பேனல் 1,040. ஸ்டிக்கர் 260. கிளிப், ஸ்க்ரூ 140. நான் உடைத்ததால் வாங்கிய ஃபுட்போர்டு பக்க கவர் 390. பார்ட் மட்டும் 3,010 ரூபாய். டி ஸ்பேனர்கள் 350, ஸ்டார் 180. மொத்தம் 3,540. மெக்கானிக் கேட்டது 4,600. இவ்வளவு பாடுபட்டு மிச்சம் 1,060 ரூபாய், இரண்டு ஞாயிறு, ஒரு வாரம் பஸ். உங்கள் ஞாயிற்றுக்கிழமையின் மதிப்பு இதைவிட அதிகம் என்றால் மெக்கானிக்கிடமே விட்டுவிடுங்கள், அதில் வெட்கம் ஒன்றும் இல்லை. எனக்கு ஸ்பேனர் மிச்சம், வண்டியின் உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்துவிட்டது. அந்த 390 மட்டும்தான் வலிக்கிறது.

பெயிண்ட் அடிக்காத பேனல் மலிவு என்று வாங்கப் போகிறவர்களுக்கு ஒரு வார்த்தை: பெயிண்டர் கூலியைச் சேர்த்தால் அது மலிவாக வருவதில்லை, அடித்த பெயிண்ட் காய ஒரு நாளாவது விட வேண்டும். ஸ்ப்ரே டப்பா வாங்கி நீங்களே அடித்தால் பெட்ரோல் மூடிப் பக்கம் முதல் சொட்டிலேயே உரியும்.

10. ஒரு வாரம் கழித்து

நூறு, இருநூறு கிலோமீட்டர் ஓடிய பிறகு எல்லா ஸ்க்ரூவையும் ஒருமுறை தொட்டுப் பாருங்கள், ஒன்றிரண்டு தளர்ந்திருக்கும். வேகத்தடையில் ‘கடகட’ என்று சத்தம் வந்தால் வண்டியை ஸ்டாண்டு போட்டு ஒவ்வொரு பேனலாக உள்ளங்கையால் தட்டுங்கள். சத்தம் வரும் இடத்தில் ஒரு லாக் உட்காரவில்லை, அல்லது ஒரு யு கிளிப்பை மறந்திருக்கிறீர்கள். இரண்டும் சரியாக இருந்தால் பேனல்கள் உரசும் விளிம்பில் உள்பக்கமாக ஒரு துண்டு ஃபோம் டேப் ஒட்டினால் அடங்கிவிடும். எல்லாம் முடிந்து ஒரே ஒரு ஸ்க்ரூ அட்டையில் மிச்சம் இருந்தால், அதை மேசை டிராயரில் போடாதீர்கள். அது எந்த இடத்தில் குத்தியிருக்கிறது என்று பாருங்கள், அங்கே போய் மாட்டிவிட்டு வாருங்கள்.